புளிப்புக்கு அளவுகோல் தந்த ஸோரன்ஸன்

நாடு வென்ற மன்னர்களுக்குச் சிலை உண்டு. நோய் தீர்க்கும் மருந்து கண்டவர்களுக்குப் புகழ் உண்டு. ஆனால் படி, மரக்கால், முழம், நாழிகை என்று அளவுகளை வகுத்துத் தந்தவர் யார் என்று கேட்டால் விடை சொல்வார் இலர். அவ்வளவுகள் இல்லையேல் சந்தையில் நேர்மை ஏது? வழக்கில் நீதி ஏது? இருவர் கூடி ஒரு பொருளைப் பற்றிப் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வருவதுதான் ஏது? உலகுக்கு ஒரு பொது அளவைத் தந்துவிட்டு, தம் பெயரை அதன்மீது எழுதாமல் அகன்றவர்களுள் ஒருவர் டென்மார்க் நாட்டுப் பேராசிரியர் ஸோரன்ஸன். பி.எச். என்று இன்று மருத்துவமனை முதல் மீன் தொட்டி வரை எங்கும் வழங்கும் அளவு அவர் தந்ததே. அப்பெரியாரின் வரலாற்றை நம் சங்க மலரில் எழுத எனக்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அடியேன் இரயில்வேயில் குமாஸ்தா. பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்தியவன். குடிநீர்ச் சோதனை அறிக்கைகளைக் கோப்பில் சேர்ப்பது என் கடமைகளுள் ஒன்றாக இருந்த காலம் அது. ஒரு மாதம் ஓரிடத்து நீரின் பி.எச். 7.2 என்று வந்தது. அடுத்த மாதம் அதே இடத்து நீர் 9.2 என்று வந்தது. இரண்டுதானே கூடியிருக்கிறது, இதில் என்ன இருக்கிறது என்று எண்ணி, மேலதிகாரியின் பார்வைக்கு வைக்காமல் கோப்பில் கட்டிவிட்டேன். பின்னர் அதைக் கண்ட இரசாயனம் கற்ற நண்பர் ஒருவர் என்னை அழைத்து, அந்த இரண்டு என்பது இரண்டு அன்று, நூறு மடங்கு என்று விளக்கினார். இந்தியத் தர நிறுவனம் குடிநீருக்கு வகுத்துள்ள எல்லையே 6.5 முதல் 8.5 வரைதான் என்பதையும் எடுத்துக் காட்டினார். நல்வேளையாக யாருக்கும் தீங்கு நேரவில்லை. ஆனால் எனக்கு வெட்கமாயிற்று. பள்ளியில் மடக்கை அட்டவணையைப் புரட்டிப் புரட்டிக் கணக்குப் போட்டவன்தான் நான். அது எதற்காக என்று ஒருநாளும் அறிந்திலேன். அன்று தொட்டு இந்த அளவைப் பற்றியும் அதை வகுத்தவரைப் பற்றியும் கிடைத்த நூல்களை எல்லாம் படிக்கலானேன்.

ஸோரன் பீட்டர் லௌரிட்ஸ் ஸோரன்ஸன் என்பது அவருடைய முழுப்பெயர். 1868-ஆம் ஆண்டு ஜனவரி 9-ஆம் நாள், டென்மார்க்கின் ஸீலந்துத் தீவில் ஹாவ்ரெபியெர்க் என்னும் சிற்றூரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பதினெட்டாம் அகவையில் தலைநகரான கோபன்ஹேகன் சென்று பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய முதல் எண்ணம். ஆனால் அங்கே எஸ். எம். யோர்கென்ஸன் என்னும் இரசாயனப் பேராசிரியரின் பாடங்கள் அவரைக் கவர்ந்தன. மருத்துவத்தை விட்டு இரசாயனத்தைப் பற்றினார். மாணவப் பருவத்திலும் அதன் பின்னரும் எழுதிய ஆய்வுரைகளுக்காகப் பல்கலைக்கழகத்தின் பொற்பதக்கத்தை இருமுறை பெற்றார். உயிர் காக்கும் தொழிலை விட்டு வந்தவர், பிற்காலத்தில் ஒவ்வொரு மருத்துவரும் நோயாளியின் இரத்தத்தை மதிப்பிடக் கையாளும் அளவைத் தந்தார் என்பது எண்ணி வியத்தற்குரியது.

படிப்பு முடிந்த பின் ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் அவர் பல அலுவல்களைப் பார்த்தார். தொழில்நுட்பக் கல்லூரியின் இரசாயனச் சோதனைச்சாலையில் உதவியாளராக இருந்தார். நாட்டின் நிலவியல் அளவைப் பணியில் உதவினார். அரசுக் கப்பற்படைத் தளத்துக்கு இரசாயன ஆலோசகராகவும் விளங்கினார். இவற்றிடையே கோபால்ட் என்னும் உலோகத்தின் உப்புகளை ஆராய்ந்து 1899-இல் டாக்டர் பட்டமும் பெற்றார். அதுவரை அவர் செய்த பணி சிறந்த பணியே எனினும் உலகம் அறிந்த பணி அன்று. நாற்பது வயதை எட்டும் வரை ஆரவாரம் இல்லாத உழைப்பாளியாகவே அவர் வாழ்ந்தார்.

1901-இல் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் நேர்ந்தது. கோபன்ஹேகனில் உள்ள கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தின் இரசாயனப் பிரிவுக்கு அவர் தலைவராக அமர்த்தப்பட்டார். கார்ல்ஸ்பெர்க் என்பது ஒரு பீர் ஆலை. மதுவாலை என்றவுடன் அன்பர்கள் முகம் சுளிக்க வேண்டா. 1847-இல் அவ்வாலையை நிறுவிய ஜே. ஸி. யாகப்ஸன் அறிவியலில் பெரும் ஈடுபாடு உடையவர். புளிக்க வைத்தல் என்பது கைப்பழக்கத்தாலும் ஊழாலும் நடப்பதன்று, அறிந்து செய்யத் தக்க ஒரு வினை என்று நம்பினார். ஆகவே 1875-இல் ஓர் ஆய்வுக்கூடத்தை அமைத்தார். அடுத்த ஆண்டு அதைப் பேணுவதற்கென்று ஓர் அறக்கட்டளையையும் நிறுவினார். அங்கே கண்டறியும் உண்மை எதையும் மறைத்து வைத்தல் ஆகாது, எல்லாவற்றையும் உலகறிய வெளியிட வேண்டும் என்பது அவர் விதித்த சட்டம். போட்டிக்கு நிற்கும் பிற ஆலைகளும் அதனால் பயன்பெறும் என்பதை அறிந்தே அவ்வாறு விதித்தார். அக்கூடத்தின் ஹான்ஸன் என்பார் 1883-இல் தூய ஈஸ்டைத் தனியே வளர்க்கும் முறையைக் கண்டபோது, யாகப்ஸன் அதைத் தயங்காமல் ஏனையோர்க்கும் வழங்கினார்.

ஸோரன்ஸனுக்கு முன் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தவர் யோஹான் கெல்டால். உணவிலும் உரத்திலும் உள்ள நைட்ரஜனை அளக்க இன்றும் வழங்கும் முறையை 1883-இல் வகுத்தவர் அவர். அவர் 1900-இல் மறைந்தார். அத்தகைய பெரியாரின் இடத்தில் அமர்ந்த ஸோரன்ஸன், கப்பற்படைத் தளத்தையும் கோபால்ட்டையும் மறந்து, உயிர்ப்பொருள்களின் இரசாயனத்தில் தம் மனத்தைச் செலுத்தினார். புரதங்கள், அவற்றின் உறுப்புகளான அமினோ அமிலங்கள், அவற்றைப் பிரித்துச் செரிக்கச் செய்யும் நொதிகள் ஆகியவையே அவருடைய ஆய்வுப் பொருள்கள் ஆயின. 1907-இல் ஃபார்மலினைக் கொண்டு அமினோ அமிலங்களை அளக்கும் ஒரு முறையை வெளியிட்டார்.

நொதிகளை ஆராய்வோர்க்கு அந்நாளில் ஒரு பெருந்தொல்லை இருந்தது. ஒருவர் செய்த சோதனையை மற்றொருவர் செய்தால் விடை ஒத்து வருவதில்லை. ஒரே நொதி ஓரிடத்தில் சுறுசுறுப்பாக வேலை செய்யும், மற்றோரிடத்தில் உறங்கும். கரைசலின் புளிப்புத்தன்மை மாறினால் நொதியின் வேகம் மாறுகிறது என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் அந்தப் புளிப்பை எவ்வாறு அளப்பது? எவ்வளவு அமிலத்தை ஊற்றினோம் என்று கணக்கு வைத்துக் கொண்டார்கள். அல்லது எவ்வளவு காரம் சேர்த்தால் அந்த அமிலம் முழுதும் அடங்குகிறது என்று பார்த்துக் குறித்துக் கொண்டார்கள். இவ்விரண்டும் உண்மையான புளிப்பைக் காட்டா என்பதை ஸோரன்ஸன் தெளிவாக உணர்ந்தார்.

இதை எங்கள் அலுவலக வழக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். ஒரு பணிமனையின் பெயர்ப் பட்டியலில் நூறு ஆட்கள் இருக்கலாம். ஆனால் இன்று வேலைக்கு வந்திருப்போர் எத்தனை பேர் என்பதை வருகைப் பதிவேடுதான் காட்டும். வேலை நடப்பது பட்டியலால் அன்று, வந்தவர்களால். அமிலத்திலும் இவ்வாறே. அமிலம் நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனிகள் பிரிந்து வருகின்றன. புளிப்பு என்பது அவ்வயனிகளின் செயலே. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும், காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்தையும் சம வலிமைக் கணக்கில், லிட்டருக்குப் பத்தில் ஒரு கிராம் ஹைட்ரஜன் இருக்குமாறு கரைப்போம். காரம் சேர்த்து அடக்கினால் இரண்டுக்கும் ஒரே அளவு காரம்தான் செலவாகும். பட்டியலில் இரண்டும் சமம். ஆனால் முன்னதில் அநேகமாக எல்லா ஹைட்ரஜனும் அயனியாகப் பிரிந்து வேலைக்கு வந்துவிடுகிறது. பின்னதில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குகூட வருவதில்லை. ஆகவே செயலளவில் முன்னது பின்னதைப் போல் ஏறக்குறைய 75 மடங்கு கடுமையானது. நொதிக்குத் தெரிவது வருகைப் பதிவேடு. ஆய்வாளர்களோ பட்டியலைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள்.

சரி, வேலைக்கு வந்த அயனிகளையே அளப்போம் என்றால் அங்கே மற்றோர் இடர்ப்பாடு எழுந்தது. அந்த எண்கள் மிகச் சிறியவை. ஒன்றுக்கொன்று மிகத் தொலைவில் உள்ளவை. தூய நீரை எடுத்துக் கொள்வோம். ஒரு லிட்டரில் உள்ள ஹைட்ரஜன் அயனி, ஒரு கிராமில் கோடியில் ஒரு பங்கு. நம் நாட்டுக் கணக்கில் கோடி என்ற சொல் இருப்பதால் நாம் இதை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எண்ணில் எழுதினால் 0.0000001 என்றாகும். வயிற்றில் சுரக்கும் புளிநீரிலோ நூற்றில் ஒரு பங்கும் அதற்கு மேலும் இருக்கும். இடையே இலட்சம் மடங்கு வேறுபாடு. இத்தனை சுழிகளை நாள்தோறும் எழுதினால் ஒன்று கூடும், ஒன்று குறையும். வரைபடத்தில் குறிக்கப் புகுந்தால் தாள் போதாது. கணக்கேடு எழுதிப் பழகியவர்கள் இத்துன்பத்தை நன்கு அறிவார்கள்.

இங்கேதான் மடக்கை, அதாவது லாகரிதம், துணைக்கு வந்தது. ஸ்காத்லாந்து நாட்டுப் பிரபுவான ஜான் நேப்பியர் பல்லாண்டு உழைத்து 1614-இல் உலகுக்கு அளித்த கருவி அது. அவரை நேரில் சென்று கண்ட ஹென்றி பிரிக்ஸ் என்னும் பேராசிரியர் அதைப் பத்தை அடியாகக் கொண்டு திருத்தி அமைத்தார். பெருக்கலைக் கூட்டலாகவும், வகுத்தலைக் கழித்தலாகவும் மாற்றி, வானநூலார்க்கும் மாலுமிகளுக்கும் அது உழைப்பைக் குறைத்தது. பத்தை அடியாகக் கொண்டால் நூறின் மடக்கை 2, ஆயிரத்தின் மடக்கை 3, கோடியின் மடக்கை 7. கோடியில் ஒரு பங்கின் மடக்கை, எதிர்க்குறியோடு கூடிய 7. அந்த எதிர்க்குறியையும் நீக்கிவிட்டு, மீதமுள்ள எண்ணையே புளிப்பின் அளவாகக் கொள்ளலாம் என்று ஸோரன்ஸன் வகுத்தார். அவ்வாறாயின் தூய நீரின் அளவு 7. அத்தனை சுழிகளும் மறைந்து ஓர் இலக்கம் மிஞ்சியது. ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு. மேலே போகப் போகக் காரம். நாம் அன்றாடம் காணும் கரைசல்கள் பெரும்பாலும் 0 முதல் 14 வரையில் அடங்கிவிடும்.

இளைஞர்களுக்காக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஓர் அமிலக் கரைசலில் லிட்டருக்கு 0.002 கிராம் ஹைட்ரஜன் அயனி உள்ளது என்போம். அது ஆயிரத்தில் இரண்டு பங்கு. ஆயிரத்துக்குரிய எண் 3. இரண்டின் மடக்கை 0.3010. மூன்றிலிருந்து அதைக் கழித்தால் 2.699. ஆகவே பி.எச். ஏறக்குறைய 2.7. இனி எதிர்வழியில் செல்வோம். நல்ல உடல்நலம் உள்ளவரின் இரத்தத்தின் பி.எச். சுமார் 7.4. அதை எட்டிலிருந்து 0.6 கழித்ததாக எழுதுக. 0.6-க்கு எதிர்மடக்கை 3.98. எட்டு என்பது பத்துக் கோடியைக் குறிப்பதால், பத்துக் கோடியில் 3.98 பங்கு என்பது விடை. அட்டவணையின் இரண்டு பக்கங்களைப் புரட்டினால் முடிந்தது.

ஸோரன்ஸன் மடக்கையைக் கொண்டது எழுதுவதற்கு எளிது என்பதற்காக மட்டும் அன்று. அவர் அயனிகளை அளந்த கருவியே மடக்கை மொழியில்தான் பேசியது. ஹைட்ரஜன் வாயு சூழ்ந்த பிளாட்டினத் தகட்டைக் கரைசலில் நிறுத்தினால் ஒரு சிறு மின்னழுத்தம் உண்டாகும். அயனியின் அளவு பத்து மடங்கு மாறினால் அவ்வழுத்தம் வோல்ட்டில் ஏறத்தாழ 0.058 மாறும். நூறு மடங்கு மாறினால் அதன் இருமடங்கு மாறும். இந்த உறவை ஜெர்மானிய அறிஞர் நெர்ன்ஸ்ட் 1889-இலேயே காட்டியிருந்தார். அயனி மடங்காகப் பெருக, அழுத்தம் படிப்படியாகக் கூடுகிறது. ஆகவே மின்மானியில் கண்ட அளவிலிருந்து நேரே பி.எச். எண்ணைப் பெறலாயிற்று. இயற்கையின் போக்குக்கு இசைந்த அளவாக அது அமைந்தது.

இத்தனையையும் அவர் 1909-இல் நொதிகளைப் பற்றிய தம் இரண்டாம் கட்டுரையில், ஜெர்மன், பிரெஞ்சு மொழிகளில் வெளியிட்டார். கட்டுரையின் பொருள் நொதிகளே. அளவுகோல் அதற்கு ஒரு துணை. சருக்கரையைப் பிளக்கும் இன்வர்ட்டேஸ், இரைப்பையின் பெப்ஸின் முதலிய நொதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் மிக உகந்த புளிப்பு எது என்பதை அவர் எண்ணில் காட்டினார். மின்கருவி எல்லோரிடத்தும் இராது என்பதை உணர்ந்து, நிறம் மாறும் சாயங்களைக் கொண்டு அளக்கும் எளிய முறையையும் உடன் வகுத்தார். ஏராளமான சாயங்களைச் சோதித்து, நம்பத் தகுந்தவற்றைத் தேர்ந்து கொடுத்தார். பாஸ்பேட், சிட்ரேட், போரேட், கிளைஸின் ஆகியவற்றால் ஆன, பி.எச். எளிதில் மாறாத தாங்கற் கரைசல்களையும் செய்முறையோடு தந்தார். எந்த ஊரில் உள்ளவரும் அதே கரைசலைத் தாமே செய்து, தம் அளவைச் சரிபார்த்துக் கொள்ளலாம். அளவுகோலைக் கொடுத்தவர் அதைச் சரிபார்க்கும் படிக்கற்களையும் கூடவே கொடுத்தார் என்க. கார்ல்ஸ்பெர்க்கின் சட்டம் அவர் கையில் இவ்வாறு முழுமை பெற்றது.

பி என்ற எழுத்து எதைக் குறிக்கிறது என்பதில் இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. எச் என்பது ஹைட்ரஜனைக் குறிப்பது வெளிப்படை. ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் கணிதத்தில் அடுக்கு என்னும் பொருள் தரும் சொற்கள் அவ்வெழுத்தில் தொடங்குவதால், அதுவே காரணம் என்பர் பலர். கட்டுரையை நுணுகி ஆராய்ந்தோர் வேறு கூறுவர். ஒப்பிட்டுப் பார்த்த இரண்டு கரைசல்களுக்குக் கணக்கில் பி என்றும் க்யூ என்றும் அவர் பெயரிட்டிருந்தார். அந்தப் பி-யே நிலைத்துவிட்டது என்பது அவர்கள் முடிபு. ஸோரன்ஸன் அதை விளக்க முற்படவில்லை. தம் பெயரின் முதலெழுத்தை அங்கே அமர்த்தவும் அவர் நினைக்கவில்லை.

அவருடைய ஆய்வில் அவருடைய மனைவியார் மார்கரேத் ஹொய்ரூப் ஸோரன்ஸனும் உடனிருந்து உழைத்தார். முட்டையின் வெள்ளைக் கருவில் உள்ள ஆல்புமினைப் படிகமாகப் பிரித்து, அதன் தன்மைகளைத் துல்லியமாக அளந்து 1917-இல் ஸோரன்ஸன் வெளியிட்ட ஆய்வுகள், புரதமும் முறையான இரசாயன விதிகளுக்கு உட்பட்ட பொருளே என்பதை அறிஞர்க்கு உணர்த்தின. அவற்றினும் பெரிதாக எனக்குத் தோன்றுவது 1924-இல் அவர் செய்த செயல். பி.எச். அதற்குள் உலகெங்கும் பரவிவிட்டது. ஆனால் மின்கருவி காட்டுவது அயனிகளின் வெறும் தொகையை அன்று, அவற்றின் செயல்திறனை என்பது புதிய ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று. தம்முடைய இளைய துணைவரான லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் என்பாருடன் சேர்ந்து, தாம் தந்த இலக்கணத்தைத் தாமே திருத்தி எழுதினார் ஸோரன்ஸன். புகழ் பெற்ற பின் தன் பிழையைத் தானே எழுதித் திருத்தும் மனம் எளிதில் வாய்ப்பதன்று.

ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் அக்கூடத்தில் பணியாற்றி, 1938-இல் அவர் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் லிண்டர்ஸ்ட்ரோம்-லாங் அப்பொறுப்பை ஏற்றார். அடுத்த ஆண்டு, 1939 பிப்ரவரி 12-ஆம் நாள், எழுபத்தோராம் அகவையில் ஸோரன்ஸன் மறைந்தார். நோபல் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. ஆனால் அவர் தந்த அளவின்றி அப்பரிசு பெற்ற உயிர்வேதியியல் ஆய்வுகள் பல நடந்திரா.

அவ்வளவு பரவிய வரலாறும் சுவையானது. மைக்கேலிஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1914-இல் ஹைட்ரஜன் அயனிகளைப் பற்றி எழுதிய நூல் அதை மருத்துவ ஆய்வாளரிடையே கொண்டு சேர்த்தது. பின்னர் 1934-இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில், எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்த பழத் தொழிலைச் சேர்ந்த நண்பர் ஒருவர், ஆர்னல்டு பெக்மன் என்னும் பேராசிரியரிடம் வந்தார். பெக்மன் கண்ணாடி மின்வாயையும் வானொலியில் வழங்கும் வெற்றிடக் குழல்களையும் இணைத்து, கையில் எடுத்துச் செல்லத் தக்க பி.எச். மானியைச் செய்து தந்தார். நாகபுரியில் வாழும் நாம் ஆரஞ்சுப் பழத்தோடு உறவுடையவர்கள். பழம் இனிப்பா புளிப்பா என்று நம் நாக்கு சொல்வதை அக்கருவி எண்ணில் சொல்கிறது. எலுமிச்சைச் சாறு ஏறக்குறைய 2. ஆரஞ்சுச் சாறு பெரும்பாலும் மூன்றரையிலிருந்து நான்கு வரை.

ஆயினும் இவ்வளவில் ஒரு பொல்லாங்கு உண்டு. பெரிய மாறுதலைச் சிறிய எண்ணுக்குள் மறைத்துவிடும். அடியேன் இடறியது அங்கேதான். நலமுள்ளவரின் இரத்தம் 7.35-க்கும் 7.45-க்கும் இடையே நிற்கும் என்பர் மருத்துவர். அது 7.4-லிருந்து 7.1-க்கு இறங்கினால், நம்மைப் போன்றோர்க்கு அது பத்தில் மூன்று பங்குதான். மடக்கை அட்டவணையைப் பார்த்தால் பத்துக் கோடியில் 3.98 பங்காக இருந்தது 7.94 ஆகிவிட்டது, புளிப்பு இருமடங்கு. மருத்துவர் பதைத்து ஓடி வருவது அதனால்தான். கடல்நீரும் அவ்வாறே. தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த கடலின் மேற்பரப்பு நீர், நாம் எரிக்கும் நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றின் கரிவாயுவை உட்கொண்டு சுமார் 8.1 ஆகிவிட்டது. பத்தில் ஒன்றுதானே என்று கோப்பைக் கட்டிவிடலாம். ஆனால் 0.1-க்கு எதிர்மடக்கை 1.259. கடலின் ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது என்பது அதன் பொருள். சிப்பியும் பவளமும் தம் ஓட்டைக் கட்டிக்கொள்ளத் தடுமாறுகின்றன.

மற்றொரு தவறும் குமாஸ்தாக்களிடம் உண்டு. பி.எச். 3 உள்ள கடும் அமிலக் கரைசலையும், 5 உள்ளதையும் சம அளவில் கலந்தால் சராசரி 4 என்று எழுதிவிடுவோம். அது பிழை. மடக்கைகளின் சராசரி பொருள்களின் சராசரி ஆகாது. அயனிகளைக் கூட்டிப் பாதியாக்கிப் பின் மடக்கை கண்டால் விடை ஏறக்குறைய 3.3 என்று வரும். எண்ணைக் கையாள்வது வேறு. அதன் பின்னே நிற்கும் பொருளை அறிவது வேறு.

மேல்நிலை வகுப்பில் பயிலும் என் மகள் சென்ற ஆண்டு மடக்கை அட்டவணையை என் முன் வைத்து, கணக்கிடும் பொறி கையிலிருக்க இதை ஏன் கற்க வேண்டும் என்று வினவினாள். பழைய கோப்பின் கதையை அவளுக்குச் சொன்னேன். பொறி விடையைத் தரும். விடை என்ன சொல்கிறது என்பதை நாம்தான் அறிய வேண்டும் என்று சொல்லி, நீரின் கணக்கையும் இரத்தத்தின் கணக்கையும் போடச் செய்தேன். ஒரு கோடியில் ஒரு பங்கு என்று வந்ததும் அவள் சற்று நேரம் பேசாதிருந்தாள். பின்னர்த் தானாகவே கடல்நீரின் கணக்கைப் போடத் தொடங்கினாள்.

பிழைப்பின் பொருட்டு ஊரைவிட்டு வந்து, நம்மில் பலர் அலுவலக மேசைகளில் எண்களோடு வாழ்கின்றோம். எண்களை எழுதுவது சிறு தொழில் என்று நாமே சில வேளை எண்ணிவிடுகிறோம். ஸோரன்ஸனின் வாழ்வு அவ்வெண்ணத்தை மாற்றவல்லது. அவர் புதிய பொருள் எதையும் படைத்தாரில்லை. இருந்ததைச் சரியாக அளந்தார். அளந்ததைப் பிறர் சரிபார்க்கும்படி எழுதினார். எழுதியதை மறைக்காமல் கொடுத்தார். பிழை கண்டபோது தாமே திருத்தினார். இந்த நான்கையும் செய்ய மேதையாக இருக்க வேண்டுவதில்லை. இப்போது என் மேசைக்கு நீர்ச் சோதனை அறிக்கை வந்தால், முதலில் பி.எச். எண்ணைப் படித்துவிட்டு, சென்ற மாதத்து எண்ணோடு ஒப்பிட்டு, மடங்கு எத்தனை என்று பென்சிலால் ஓரத்தில் குறித்த பின்னரே கோப்பில் சேர்க்கிறேன்.